எக்ஸ்ரேயில் 'கழுத்து விலா' என்று வந்தால்

தம்பி, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போற உங்க அம்மாவுக்கு எக்ஸ்ரேயில் வலப்பக்கம் 'கழுத்து விலா'ன்னு எழுதியிருக்கு, எலும்புக் கட்டியான்னு கேட்டிருக்கீங்க. கட்டி இல்லை, பிறவியிலேயே உள்ளது.

விலா எலும்பு நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புலதான் தொடங்கணும். சிலருக்குக் கழுத்தின் 7-வது எலும்புலயே ஒண்ணு கூடுதலா முளைச்சிருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பலருக்கு ஆயுசு முழுக்கத் தொந்தரவே இருக்காது; சளிக்குப் படம் எடுக்கப் போய்த்தான் தெரியவரும்.

ஆனா மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதை விடாதீங்க. கைக்குப் போற நரம்புக் கத்தையோட அடிப்பகுதியை அந்த எலும்போ, அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு ஓடுற நாரோ அழுத்தினா அந்த ரெண்டு விரலும்தான் மரக்கும். முழங்கையில நரம்பு நசுங்கினாலும் இதே கதைதான். அதனால எலும்பு மேலேயே பழியைப் போடாம, தேனி பக்கம் க.விலக்குல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காட்டி நரம்புச் சோதனை வேணுமான்னு கேளுங்க.

அதுவரை ஏலக்காய் மூட்டையைத் தலையிலோ தோளிலோ தூக்க வேண்டாம். கழுத்தை நெட்டி முறிக்கிறவங்ககிட்டப் போகவே வேண்டாம். ஆபரேஷன் எல்லாருக்கும் கிடையாது, பலருக்குத் தோள் பயிற்சியே போதும். கை வெளுத்துச் சில்லுன்னு ஆனா மட்டும் ரத்தக்குழாய் சிக்கலா இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.