தட்டுக்கழியும் தறியும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு சென்னையில் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளிக்குப் போயிருந்தோம். நடனம் பார்க்கலாம் என்று ஆசையாகப் போனால், பிள்ளைகள் அரைமணி நேரம் ஒரே அடவை, அதாவது பரதத்தின் ஒரு அடிப்படை அசைவை, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் "அவ்வளவுதானாப்பா?" என்று கேட்டுவிட்டாள். வேறு எப்போது போனால் நன்றாக இருக்கும்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சரியான நேரத்தில்தான் போயிருக்கிறீர்கள். கச்சேரி பார்க்க மார்கழியும் சபாவும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் பார்க்க வேண்டியது அந்த ஒரே அடவைத்தான். அடுத்த முறை கையைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள். ஆசிரியர் தட்டுக்கழியால் பலகையில் தாளம் தட்டி முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகத்தை ஏற்றுவார். வேகம் கூடக்கூட, முழங்காலை மடக்கித் தாழ நிற்கும் அரைமண்டி நிலை மெல்ல மேலே எழும்பும். யாருக்கு எழும்பவில்லை என்று கவனித்தால் அரைமணி நேரம் போதாது.

அங்கேயே இருக்கும் நெசவுக்கூடத்துக்குப் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரும்பாலானோர் அதை விட்டுவிடுகிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாறில் பள்ளியைத் தொடங்கினார். மறு வருடமே தறியும் வந்துவிட்டது. ஆடுகிறவர் உடுத்துவதும் நடனத்தில் சேர்ந்ததுதான் என்று அவர் நினைத்தார். அங்கே கோர்வைச் சேலை நெய்வதைப் பாருங்கள். கரைக்கு ஒரு நிற ஊடை (குறுக்கு நூல்), உடலுக்கு வேறு நிறம். ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் கோத்துப் பிணைக்க வேண்டும். அதனால் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை வாங்கித் தருவார். இருவருக்கும் தாளம் தப்பினால் கரையில் தெரிந்துவிடும்.

துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிப் பக்கம் மூக்கும் வேண்டும். துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்துக் காயவைப்பார்கள். பால் இல்லாவிட்டால் கோடு பரவிவிடும். கறுப்பு மை, இரும்பும் வெல்லமும் பல நாள் ஊறிப் புளித்தது. அந்த வாடை உங்கள் மகளுக்கு மறக்காது.

வேலை நாளில், காலையில், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். விடுமுறையில் மரங்களைத்தான் பார்க்கலாம் (அவையும் நன்றாகவே இருக்கும்). அதற்கு முன் வீட்டில் மகளை அரைமண்டியில் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து நில்லுங்கள். எனக்கு நாற்பது நொடிதான் தாங்கியது, அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு.