'சூப்பர் நேப்பியர் விதை' வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பர்மாவில் பெகு பக்கம் இருக்கிறோம். மூன்று கறவை மாடு, பாலை டீக்கடைகளுக்கு ஊற்றுகிறோம். தை பிறந்தாலே பால் குறைந்துவிடுகிறது, வைக்கோலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இப்போது போனில் ஒரு விளம்பரம் வருகிறது: 'சூப்பர் நேப்பியர் விதை, புரதம் 18 சதவீதம், பிண்ணாக்கே வேண்டாம்' என்று. பணத்தை முதலில் அனுப்பச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அனுப்பாதீர்கள் தம்பி. புல் நிஜம்தான், தாய்லாந்தின் பாக்சோங்கில் நேப்பியரையும் கம்பையும் கலந்து உருவாக்கினது, தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் வீடியோ அனுப்புகிறார்களே கோ-4 என்ற தீவனப்புல், அதுவும் இதே குடும்பம். ஆனால் இந்த ஒட்டுப்புல்லை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை, அதாவது கணுவோடு வெட்டிய தண்டுத் துண்டு, நட்டுத்தான் வளர்க்கிறோம். பாக்கெட்டில் விதை என்று தருகிறவர் வேறு எதையோ தருகிறார்.

சரி, அந்த 18 சதவீதம்? அது புல்லைக் காயவைத்த பிறகு பார்க்கிற கணக்கு, அதுவும் எரு நன்றாகப் போட்டு இளசாக அறுத்தால்தான். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 10 கிலோ அறுத்துப் போட்டால் காய்ந்த கணக்கில் 2 கிலோதான், அதில் புரதம் 10 சதவீதம் என்றாலும் 200 கிராம். ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கிலேயே சுமார் 400 கிராம் இருக்கிறது. பால் கறக்கிற மாட்டுக்குப் பிண்ணாக்கைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

பெயரை விட அறுக்கிற நாளைப் பாருங்கள். நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, அதற்குப் பிறகு மழைக்காலத்தில் 45 நாளுக்கு ஒரு தடவை. ஆள் உயரத்துக்கு மேல் போய்த் தண்டு முற்றிவிட்டால் கட்டு பெரிதாகத் தெரியும், மாட்டுக்குப் பிரயோஜனம் இல்லை. தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டின் வயிற்றில் நாரைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கே சாப்பாடு போதாது, மாடு தின்பதையே குறைத்துவிடும். வைக்கோலில் 4 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது, தை மாதத்தில் உங்கள் பால் குறைவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

கரணை வாங்குவதென்றால் நேரில் போய், மூன்று மாதத் தண்டாக, இரண்டு கணு இருக்கும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். கணுவில் மொட்டு உயிரோடு இருக்க வேண்டும், காய்ந்து சுருங்கியது வேண்டாம். மழை பிடித்ததும் மேட்டில் நடுங்கள், தண்ணீர் நிற்கிற வயல் தாழ்வில் வேர் அழுகிவிடும். பக்கத்தில் யாராவது வைத்திருந்தால் ஒரு கட்டுக் கேட்டாலே போதும், ஒரு வருஷத்தில் நீங்களே பத்து பேருக்குக் கொடுக்கலாம்! விதையாகவே போட ஆசை என்றால் மொம்பாசா கினியாப்புல் இருக்கிறது, அதற்கு விதை உண்டு. மொத்தமாக வாங்கும் முன் 100 விதையை ஈரத்துணியில் வைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள்.

மிச்சப் பணத்தில் வேலியோரம் அகத்தியும் சவுண்டலும் வையுங்கள். சவுண்டல் என்பது இங்கே போசகைங் என்கிறார்களே அந்த மரம்தான். அதன் இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. தீவனத்தில் சவுண்டல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மட்டும் வேண்டாம், மாட்டுக்கு முடி கொட்டும்.

அப்புறம் அந்த வைக்கோல். 100 கிலோவுக்கு, அதாவது சுமார் 61 வீசைக்கு, 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பிளாஸ்டிக் போட்டுக் காற்றுப் போகாமல் 21 நாள் மூடி வையுங்கள். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். யூரியா அளவு கூடினால் மாடு செத்தே போகும், அதனால் கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். கரைத்த தண்ணீரை மாடு குடிக்கிற இடத்தில் வைக்காதீர்கள், ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோல் கூடவே கூடாது.