மீன் குழம்பை ஏன் விட்டீர்கள்?

வணக்கம் ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 43. புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவள் என்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

பொங்கலுக்கு முன்னால் எடுத்த ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. எடை 78 கிலோ, உயரம் 157 செ.மீ. "சர்க்கரை வாசல் வரைக்கும் வந்துவிட்டது, எடையைக் குறையுங்கள்" என்றார் டாக்டர். அன்றோடு சோற்றை நிறுத்தினேன். காலையில் ஓட்ஸ், மதியம் ரெண்டு சப்பாத்தி, ராத்திரி வெள்ளரிக்காய். முதல் ரெண்டு வாரத்திலேயே 3 கிலோ, சித்திரைக்குள் 7 கிலோ இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் இளைத்துவிட்டாய் என்றார்கள்.

சித்திரையில் நாத்தனார் மகளுக்குக் காது குத்து. கறி விருந்து. ரெண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் எடை பார்த்தால் 2 கிலோ ஏறியிருந்தது. மூன்று மாதம் பட்ட பாடு ரெண்டே நாளில் போச்சே என்று அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் எதிலும் மனசு ஒட்டவில்லை. இப்போது மொத்தம் 4 கிலோ திரும்பிவிட்டது.

எனக்குச் சாப்பாடு பிடிக்கும் ஐயா. ஞாயிற்றுக்கிழமை முதுநகர் துறைமுகத்திலிருந்து சங்கராவோ கிழங்கானோ வாங்கி வந்தால் குழம்பு வைப்பது நான்தான். மண்சட்டியில் புளி கொதித்து, பச்சை வாசனை போனதும் மாங்காய்த் துண்டு போட்டு, கடைசியில் மீனைப் போட்டுச் சட்டியை ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவேன், கரண்டி போட மாட்டேன். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும். மறுநாள் காலை அந்தப் பழங்குழம்பும் இட்லியும்தான் எங்கள் வீட்டில் திங்கட்கிழமையைத் தாங்கவைப்பது. அதை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நான் மட்டும் ஓட்ஸ் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். மற்றபடி கண்டதையும் தின்பவள் இல்லை. ஆபீஸில் நாலு டீ, பஸ் ஏறும் முன் பசிக்கு ரெண்டு பஜ்ஜி, ராத்திரி பிள்ளைகள் மிச்சம் வைத்தது, அவ்வளவுதான்.

சோற்றைப் பார்த்தாலே குற்றம் செய்கிற மாதிரி இருக்கிறது. சாப்பாட்டை ரசித்துக்கொண்டே எடை குறைக்க முடியுமா? போன உற்சாகத்தை எப்படித் திரும்பப் பிடிப்பது? அம்மா பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் அனுப்பியிருக்கிறார். அதையும் தொடவில்லை.

(பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 2 கிலோவைப் பேசிவிடுவோம். உங்களை முடக்கிப்போட்டது அதுதான்.

ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமானால் செலவாவதற்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 2 கிலோவுக்கு 15,000-க்கு மேல். எவ்வளவு பெரிய கறி விருந்தானாலும் ரெண்டு நாளில் யாராலும் அதைச் சாப்பிட முடியாது. அப்படியானால் எடை மெஷின் காட்டியது எது? தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் என்பார்கள். அது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜனவரியில் சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைந்து, பிடித்து வைத்த தண்ணீரும் வெளியேறியது. முதல் ரெண்டு வாரத்து 3 கிலோவில் பெரும்பகுதி அது. விருந்தில் சோறும் உப்பும் உள்ளே போனதும் தண்ணீர் திரும்பி வந்தது. நாலைந்து நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தால் தானாக இறங்கியிருக்கும்.

ஆக, காது குத்து உங்களை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் போச்சு என்று கைவிட்ட பிந்தைய வாரங்கள்தான் எடையை ஏற்றின. அதிலும் உங்கள் குறை என்று எதுவும் இல்லை. காலையில் ஓட்ஸ், மதியம் ரெண்டு சப்பாத்தி, ராத்திரி வெள்ளரிக்காய் என்பது, வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற ஒரு பெண்ணுக்குப் பட்டினி. எடை குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறையும். மெல்பர்னில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், கடும் டயட்டில் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. மூன்று மாதம் அந்தப் பசியோடு பஸ்ஸில் போய் வந்திருக்கிறீர்கள். மன உறுதி இல்லாதவர் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்தையே ஒருமுறை திருப்பிப் படியுங்கள். மீன் குழம்புக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். சட்டியைச் சுற்றி இறக்குவது வரை எழுதிவிட்டீர்கள். நாலு டீ, ரெண்டு பஜ்ஜி, பிள்ளைகள் வைத்த மிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரே வரி, அதுவும் 'அவ்வளவுதான்' என்று முடிகிறது. நீங்கள் விட்டது அந்தப் பத்தியை. விட வேண்டியது இந்த வரியை. நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். நம்மைப் பருக்க வைப்பது பெரும்பாலும் ஆசைப்பட்டுச் சாப்பிடுவது இல்லை. ருசி கூடத் தெரியாமல், கை போன போக்கில் உள்ளே போவதுதான்.

கணக்கைப் பாருங்கள். டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலும் நாலு டீக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அந்தச் சர்க்கரை மட்டும் 160 கலோரி. பஜ்ஜி குடிக்கிற எண்ணெயோ ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. காலையில் குடிக்கும் முதல் டீ உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால் சர்க்கரையோடு நிதானமாகக் குடியுங்கள். பக்கத்து மேசைக்காரர் எழுந்தார் என்பதற்காகக் கூடப்போய்க் குடிக்கும் மற்ற டீக்களில் ரெண்டை விடலாம், ஒன்றில் சர்க்கரையை விடலாம். நாலரை மணிக்கு ஆபீஸிலேயே வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு டப்பா சுண்டல், இல்லையென்றால் ரெண்டு அவித்த முட்டை. பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது பசி இருக்கக் கூடாது. பசியோடு பஜ்ஜிக் கடையைக் கடப்பது எவருக்கும் கஷ்டம்.

பலாவும் இந்த இடத்தில்தான் வருகிறது. பண்ருட்டிப் பழம் வீட்டில் இருக்கும்போது ஒதுங்கிப் போகாதீர்கள். நாலு சுளை 100 கிராம் அளவுக்கு வரும், நூறு கலோரிக்குள் அடங்கும். ஞாயிறு மாலை சுண்டலுக்குப் பதிலாக அதைத் தனியாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறையச் சோறு தின்ற கையோடு பத்துச் சுளை என்பதுதான் உங்கள் சர்க்கரைக்கு ஆகாது.

அப்புறம் மீன். நூறு கிராம் சங்கராவில் சுமார் 20 கிராம் புரதம், கலோரி நூறை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் தின்ற ஓட்ஸைவிட அதிக நேரம் வயிற்றில் நிற்கும், எடை குறையும்போது தசை கரையாமலும் காக்கும். எடை குறைக்கப் புறப்பட்ட ஒருவர் கடலூரில் இருந்துகொண்டு மீனை விடுவதைப்போல வீண் தியாகம் வேறில்லை. வறுவலை மாதம் ஒன்றிரண்டு முறையோடு வைத்துக்கொண்டு குழம்பைத் தாராளமாக வையுங்கள். எண்ணெயைப் பாட்டிலோடு சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். நாலு பேருக்கான சட்டிக்கு மூன்று மேசைக்கரண்டி போதும், அதற்கே மேலே பிரிந்து வரும்.

சோறு? வடித்த சோறு ஒரு கப் சுமார் 200 கலோரி. ரெண்டு சப்பாத்தியும் ஏறக்குறைய அதேதான். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியதில் கலோரியில் நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை, பிடித்த சாப்பாட்டை இழந்ததைத் தவிர. நம் தட்டில் சோறு குன்று மாதிரி இருப்பதும், அவியலோ கீரையோ ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு இருப்பதும்தான் சிக்கல். ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பரிமாறிக்கொள்ளுங்கள்: தட்டில் முதலில் பாதிக்கு முருங்கைக்கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ, பக்கத்தில் குழம்பு மீன் ரெண்டு துண்டு, மீதி இடத்தில் ஒரு கப் சோறு. காயிலிருந்தும் மீனிலிருந்தும் ஆரம்பித்துச் சோற்றுக்கு வாருங்கள். அந்த வரிசையில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை விறுவிறு என்று ஏறாது. திங்கட்கிழமை பழங்குழம்புக்கு மூன்று இட்லி தாராளமாக உண்டு. மற்ற நாட்களில் சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சு செய்தால் இட்லி குறைவாகவும் காய் நிறையவும் உள்ளே போகும், ருசிக்கும் குறைவில்லை.

சோற்றைப் பார்த்தால் குற்றம் செய்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. உங்கள் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. பசி என்று வருகிற எவருக்கும் அங்கே சோறு போடுகிறார்கள். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவர் தன் பசிக்குத் தானே சோறு போட்டுக்கொள்ள அஞ்சுவது எனக்குத் தாங்கவில்லை. அளவைக் குறையுங்கள், அச்சத்தோடு சாப்பிடாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகளின் மிச்சத்தைச் சாப்பிடுவதாக எழுதியிருப்பதிலிருந்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிறவர் என்று தெரிகிறது. நம் வீடுகளில் பெண்கள் பலரும் இப்படித்தான். சட்டியில் இருக்கிற காய் தீர்ந்திருக்கும், சோறுதான் மீந்திருக்கும், வீணாகக் கூடாதே என்று அதையும் வழித்துப் போட்டுக்கொள்வார்கள். நான் இதை மென்மையாகச் சொல்லப் போவதில்லை: எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், உங்கள் பங்கு மீனையும் காயையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். உங்கள் கணவர் இதைப் படிப்பாரானால் அவருக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் நாலு நாள் காலை ஆறு முதல் ஆறே முக்கால் வரை அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடந்துவிட்டு வரட்டும். ஒரு சிநேகிதியைக் கூடச் சேர்த்துக்கொண்டால் நல்லது. தனியாகப் போவதென்றால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வது சுலபம். ஒருத்தி கீழே காத்திருக்கிறாள் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். நடையோடு வாரம் ரெண்டு நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போலத் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும்.

உற்சாகத்தைக் கேட்டீர்கள். அது வரும், போகும். தினமும் அதை நம்பிப் பிழைக்க முடியாது. சுண்டல் டப்பா, சிநேகிதி, அளந்து ஊற்றும் கரண்டி மாதிரி ஏற்பாடுகள் இருந்தால், அது வராத நாளிலும் காரியம் நடக்கும். கூடவே இலக்கையும் சின்னதாக்குங்கள். 78 கிலோவில் 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 4 கிலோ. அவ்வளவு குறைந்தாலே ரத்தச் சர்க்கரையில் வித்தியாசம் தெரியும். நீங்கள் இப்போது 75-ல் இருக்கிறீர்கள், அதாவது முக்கால்வாசித் தூரம் வந்துவிட்டீர்கள். தோற்றவர் போல எழுதியிருக்கிறீர்கள், கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

எடை மெஷினே நகராமல் நிற்கும் மாதங்களும் வரும். அப்போது சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைப்போலச் சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு, மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாக இறங்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியமான செய்தி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கெடுப்பில் புதுச்சேரியில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், கோவாவுக்கு அடுத்த இடம். உங்கள் ஆபீஸில் நாலு பேரில் ஒருவருக்கு இருக்கலாம். டீக்குப் பதில் சுண்டல் என்று ஆரம்பித்தால் கூடச் சேர ஆள் கிடைப்பார்கள்.

எடையை வாரத்துக்கு ஒருமுறை மட்டும், ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவு. அது ஒரு செ.மீ. குறைந்தாலும் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம்.

அடுத்து ஆடி வருகிறது. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், கருவாட்டுக் குழம்பு மணக்கும். போய்ச் சாப்பிடுங்கள். மறுநாள் மெஷின் பக்கம் போகாதீர்கள், பட்டினியும் கிடக்காதீர்கள், வழக்கமான காலை இட்லியிலிருந்து தொடருங்கள். ஹெச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி என்பதால் புரட்டாசியில் மறுபடி எடுங்கள். இடையில் டாக்டர் மாத்திரை ஏதும் ஆரம்பித்திருந்தால், சாப்பாட்டை மாற்றுவதை அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மாங்காய் கிடைக்காத மாதங்களில் குழம்புக்கு என்ன போடுவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் இங்கே வெளியிடுகிறேன், கேட்க நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அன்புடன்.