கேம் உருவாக்கும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனம், இன்ஸ்டால் கணக்கில் வசூலிக்கவிருந்த தன் ரன்டைம் கட்டணத்தை 2024-லேயே ரத்து செய்துவிட்டதே, இன்னும் ஏன் பல கேம் டெவலப்பர்கள் அந்த நிறுவனத்தை நம்பத் தயங்குகிறார்கள்?

விலை ஏறியது என்பதற்காக மட்டும் இவ்வளவு கோபம் வரவில்லை. ஏற்கெனவே வெளியாகி விற்றுக்கொண்டிருந்த கேம்களின் மேலும் புதிய விதியைச் சுமத்தப் பார்த்தார்கள். நானும் சிறிய கேம்கள் செய்பவன். என்னால் அதை இன்றும் ஏற்க முடியவில்லை.

2023 செப்டம்பர் 12-ல் அறிவிப்பு வந்தது. 2024 ஜனவரி 1 முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம் ஒவ்வொரு முறை புதிதாக இன்ஸ்டால் ஆகும்போதும் டெவலப்பர் பணம் கட்ட வேண்டும். இலவசமான பெர்சனல் உரிமத்துக்கு வரம்பு: 12 மாதத்தில் 2 லட்சம் டாலர் வருமானம், மொத்தம் 2 லட்சம் இன்ஸ்டால். அதற்குமேல் ஒரு இன்ஸ்டாலுக்கு 20 சென்ட் வரை. யூனிட்டிக்குப் போட்டியான அன்ரியல் மென்பொருளும் பங்கு கேட்கிறது, 10 லட்சம் டாலருக்கு மேல் 5 சதவீதம். ஆனால் அங்கே பணம் கைக்கு வந்த பிறகுதான் கொடுக்கிறோம். இலவச மொபைல் கேமை இன்னும் 10 லட்சம் பேர் இறக்கினால் 2 லட்சம் டாலர் வரை பில் வரும். அவர்களில் பெரும்பாலோர் ஒரு பைசாகூடச் செலவழித்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2019-ல் ஆன்லைன் கேம்களுக்கான தொழில்நுட்பம் தரும் இம்ப்ராபபிள் நிறுவனத்தோடு உரிம விதிகள் பற்றித் தகராறு வந்தபோது, நீங்கள் பயன்படுத்தும் பதிப்பின் பழைய விதிகளிலேயே தொடரலாம் என்று யூனிட்டி உறுதி கொடுத்தது. விதிமாற்றங்களை எல்லோரும் பார்க்கும்படி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் போட்டது. 2023-ல் தேடிப் போனவர்களுக்கு அந்தப் பக்கமே இல்லை.

2023 அறிவிப்பு வந்த பத்து நாளில் பின்வாங்கினார்கள்: பெர்சனலுக்குக் கட்டணம் இல்லை, புதிய பதிப்புக்கு மாறுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும், வருமானத்தில் 2.5 சதவீதத்தைத் தாண்டாது. அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோ விலகினார். 2024 செப்டம்பரில் புதிய தலைவர் மேத்யூ பிராம்பெர்க் கட்டணத்தை முழுதாக ரத்து செய்து, ப்ரோ என்ற கட்டண உரிமத்தின் சந்தாவை 8 சதவீதம் உயர்த்தினார். அந்த உயர்வில் எனக்குக் குறை இல்லை. முன்கூட்டியே தெரியும் செலவு என்றால் பட்ஜெட்டில் சேர்த்துவிடலாம்.

ஆனால் ஒரு கேம் செய்ய மூன்று நான்கு வருடம் ஆகும். நடுவில் விதி மாறாது என்ற உறுதிதான் எங்களுக்கு முக்கியம். ‘ஸ்லே தி ஸ்பையர்’ கேமைச் செய்த மெகா கிரிட் குழு தன் அடுத்த கேமை கோடோ என்ற இலவச கேம் மென்பொருளுக்கு மாற்றியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் கோடோ வருவதால், கையில் இருக்கும் பதிப்புக்கு நாளை யாரும் புதிதாகக் கட்டணம் போட முடியாது.

யூனிட்டி தெரிந்தால் நல்ல வேலை கிடைக்கிறது, கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் புதிய ப்ராஜெக்ட் தொடங்கும் அன்றே அந்தப் பதிப்பின் உரிம விதிகளை முழுதாகப் படித்து, ஒரு பிரதியைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.