மூட்டையின் நடுப்பூ

அன்புள்ள அம்மா,

மேல்படிப்புக்கு உங்கள் ஆலோசனை கேட்டு பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்ஸி. ஆனர்ஸ் தோட்டக்கலை, நான்காம் ஆண்டு. அப்பாவுக்கு கே.ஆர். மார்க்கெட்டில் உதிரிப்பூ வியாபாரம். பள்ளி நாளிலிருந்தே லீவு வந்தால் விடிகாலை நான்கு மணிக்கு அவரோடு போய் சம்பங்கி மூட்டை பிரிப்பேன். நடுவில் இருக்கும் பூதான் எப்போதும் முதலில் பழுத்துப்போயிருக்கும். அதைப் பொறுக்கித் தள்ளுவது என் வேலை.

முதுகலைக்கு, அதாவது எம்.எஸ்.ஸுக்கு, அமெரிக்காவில் விண்ணப்பிப்பதா, இங்கேயே படிக்க ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத் தேர்வு எழுதுவதா என்று குழப்பமாக இருக்கிறது. என் மதிப்பெண் பத்துக்கு 7.6தான். ஒரு கன்சல்டன்சியில் எஸ்.ஓ.பி.க்கு, அதாவது ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கைக்கு, மாதிரி கொடுத்தார்கள். அதைப் பார்த்து எழுதியதை இணைத்திருக்கிறேன். நீங்கள் படித்துச் சொல்ல வேண்டும். "பூவைப் பத்திப் படிக்க எதுக்கும்மா அமெரிக்கா?" என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் எஸ்.ஓ.பி.யை இரண்டு முறை படித்தேன். "சிறு வயதிலிருந்தே செடிகள் மீது எனக்கு அளவற்ற ஆர்வம்" என்று ஆரம்பிக்கிறது. பெருகும் மக்கள்தொகை, உணவுப் பாதுகாப்பு, பருவநிலை மாற்றம் எல்லாம் வருகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் உலகத் தரம் வாய்ந்தது என்று அவர்களுக்கே சொல்லி முடிகிறது. இதில் உங்கள் அப்பா இல்லை. மார்க்கெட் இல்லை. எனக்கு எழுதிய கடிதத்தில் போகிற போக்கில் சொன்னீர்களே, மூட்டையின் நடுப்பூ, அதுவும் இல்லை.

ம., அந்த ஒரு வரிதான் உங்கள் விண்ணப்பம். மற்றதை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், பறித்த பூவும் மூச்சு விடும் உயிர். மூச்சு விடும்போது வெப்பம் வெளியாகிறது. மூட்டையின் ஓரத்தில் இருக்கும் பூவின் வெப்பம் காற்றில் போய்விடும். நடுவில் இருப்பதற்குப் போக வழியில்லை. வெப்பம் பத்து டிகிரி கூடினால் சுவாச வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். சுவாசம் கூடக் கூட வெப்பமும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போய், விடிவதற்குள் நடுப்பூ வெந்தது போல ஆகிவிடுகிறது. மேலே தண்ணீர் தெளித்தால் ஆவியாகும்போது வெளிப்பூதான் குளிரும். நடுவுக்கு அந்தக் குளிர்ச்சி எட்டாது. இவையெல்லாம் நீங்கள் வகுப்பில் படித்ததுதான். பாடத்தையும் மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. பூவின் அறுவடைக்குப் பிந்தைய ஆயுளைப் பற்றி உலகம் முழுவதும் ஏராளமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி காம்போடு வெட்டிய பூக்களைப் பற்றியது. ரோஜாத் தண்டை எந்தத் தண்ணீரில் வைப்பது, எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது, தண்டுக்குள் பாக்டீரியா அடைத்துக்கொள்ளாமல் எப்படிப் பார்ப்பது என்றெல்லாம். நம் சம்பங்கிக்கும் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் தண்ணீர் உறிஞ்சத் தண்டே கிடையாது. காம்பில்லாத பூவை எப்படிக் காப்பாற்றுவது என்பது வேறு கேள்வி. இதே ஊரில் ஹெப்பாள் ஏலக்கூடத்துக்கு ரோஜா தண்டோடு, கட்டுக் கட்டாக வருகிறது. உங்கள் அப்பாவிடம் பூ சாக்கில் வந்து இறங்குகிறது. இந்த இரண்டையும் நேரில் பார்த்து வளர்ந்த மாணவர்கள் வெளிநாட்டு வகுப்பறையில் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒரு சின்ன எச்சரிக்கை. பெயரில் கவனமாக இருங்கள். நாம் சம்பங்கி என்பதைக் கன்னடத்தில் சுகந்தராஜ என்பார்கள். அவர்கள் சம்பிகெ என்றால் நம் செண்பகம். மல்லேஸ்வரத்தின் சம்பிகெ ரோடு அந்த மரத்தின் பெயரில்தான் இருக்கிறது. தாவரவியலிலும் சம்பங்கியைப் பொலியாந்தஸ் என்ற பழைய பெயரிலிருந்து எடுத்து இப்போது அகேவ் பேரினத்தில், ஆனைக்கற்றாழைக்குச் சொந்தமாக வைத்துவிட்டார்கள். அறிக்கையில் அறிவியல் பெயரை ஒரு முறை சரியாகக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எங்கே விண்ணப்பிப்பது? ஊரின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் முதலில் எடுக்காதீர்கள். உங்கள் கேள்விக்கு அருகில் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஆய்வோடு கூடிய எம்.எஸ். படிப்புக்குப் பணம் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வருகிறது. அவர் உங்களை உதவியாளராக எடுத்தால் கல்விக் கட்டணம் பெரும்பாலும் தள்ளுபடியாகும், மாதாமாதம் உதவித்தொகையும் வரும். அவருக்கு உங்களைத் தெரியவில்லை என்றால் மதிப்பெண் 9 இருந்தாலும் விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல். டிசம்பர், ஜனவரியில் பெரும்பாலான இடங்களில் கடைசித் தேதி வந்துவிடும். செப்டம்பரிலேயே எழுதத் தொடங்குங்கள். கலிஃபோர்னியாவின் டேவிஸில் அறுவடைக்குப் பிந்தைய ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம். நெதர்லாந்தின் வாகனிங்கனில் தாவர அறிவியல் எம்.எஸ்ஸி. இரண்டு வருடம். அங்கே முறை வேறு. உதவித்தொகைக்குத் தனியாக அலைய வேண்டும்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். நான் பார்த்தது இது, என் சந்தேகம் இது, உங்கள் முறையை உதிரிப்பூவில் பயன்படுத்த முடியுமா, வரும் ஆண்டில் மாணவர் எடுக்கிறீர்களா. இவ்வளவு போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இங்கே படிப்பதை இரண்டாம் பட்சமாக நினைக்காதீர்கள். ஐ.சி.ஏ.ஆர். தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். இதில் உங்களுக்கு இடம் தருவது தேர்வில் எடுக்கும் ரேங்க். 7.6 ஒரு தடையே இல்லை. 1967இல் தொடங்கிய ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் வீட்டிலிருந்து பஸ் போகிற தூரம். உங்கள் அப்பா கடைக்கு வருகிற சம்பங்கியில் ஒற்றை அடுக்கு இதழ் ரகம் பிரஜ்வல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அது அங்கே உருவானது. டெல்லி பூசா நிறுவனத்தின் (இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) முதுகலைப் படிப்பும் ஹெசரகட்டா வளாகத்தில் நடக்கிறது. மலரியல், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் இரண்டுக்கும் அங்கே தனிப் பிரிவுகள் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தையும் பட்டியலில் வையுங்கள். உதிரிப்பூவை ஆராய இந்த இடங்கள்தான் பூவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் போங்கள். கேள்வி ஒன்றுதானே, இரண்டுக்கும் அது உதவும்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. நான் மாணவியாக இருந்தபோது பெரிய பதவியில் இருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். அவர் வகுப்பில் நான் உட்கார்ந்ததே கிடையாது. ஒழுக்கமான, உழைப்பாளி மாணவி என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். எனக்கு இடம் கிடைக்கவில்லை. பல வருடம் கழித்து, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபோதுதான் அந்த இரண்டு வரி எப்படித் தெரிந்திருக்கும் என்று புரிந்தது. உங்களைப் பண்ணையில் மண் கையோடு பார்த்த உதவிப் பேராசிரியரிடம் கேளுங்கள். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். அவரிடம் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், அவருக்கு நினைவிருக்காது.

அப்புறம் அப்பாவின் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், பதிலுக்கு ஒன்று கேளுங்கள். எத்தனையோ வருடமாக மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தே அவர் விலை பேசியிருப்பார். எந்த ஊர் மூட்டை சீக்கிரம் சூடாகிறது, வெயில் ஏறிய பிறகு பறித்ததா முன்பே பறித்ததா என்று கை வைத்ததும் எப்படித் தெரிகிறது, மழைக்காலத்துப் பூவுக்கும் சித்திரைப் பூவுக்கும் என்ன வித்தியாசம். அவர் சொல்வதை அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒன்று மூட்டையின் நடுவில், ஒன்று ஓரத்தில். மூன்று வாரம், தினமும் வண்டி வந்து இறங்கும்போது ஒரு தடவை, பிரிக்கும்போது ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து எத்தனை கிலோ கழிந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு எஸ்.ஓ.பி.யைப் புதிதாக எழுதி அனுப்புங்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் வந்தால் நிதானமாகப் படித்துத் திருத்தித் தருகிறேன்.