இரண்டாம் பாகம் யாரிடம் இருக்கிறது?

பிள்ளைகளின் வாசிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சேலம் நாலு ரோடு பக்கம் நெடுங்காலம் வாடகை நூலகம் நடத்திய அக்கா பதில் சொல்கிறார்.

ஓர் அம்மா, அம்மாபேட்டை: அக்கா, என் பையன் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். போனை வாங்கி வைத்தால் சாப்பிட மாட்டேன் என்கிறான். பிறந்தநாளுக்கு ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் பெட்டியோடு வாங்கித் தருவதாக அவன் மாமா சொல்கிறார். சில ஆயிரம் ஆகும். வாங்கச் சொல்லலாமா?

பெட்டி வேண்டாம் தங்கச்சி. முதல் புத்தகம் மட்டும் போதும். மீதிப் பணம் மாமாவிடமே இருக்கட்டும். பையன் தானாக வந்து "அடுத்தது எங்கே?" என்று கேட்கிற அன்றைக்கு இரண்டாவதை வாங்கித் தரட்டும்.

ஏழும் வரிசையாக அலமாரியில் நின்றால் பிள்ளைக்கு அது பாடத்திட்டம் மாதிரிதான் தெரியும். அதுவும் போனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தீர்களென்றால் தண்டனை என்றே முடிவு கட்டிவிடுவான். போன் பாட்டுக்குப் போன் இருக்கட்டும். ராத்திரி படுக்கப் போகும்போது முதல் அத்தியாயத்தை நீங்களோ மாமாவோ பாதி வரை வாசித்துவிட்டு, "தூக்கம் வருதுப்பா" என்று மூடி வையுங்கள்.

என் நூலகத்தில் எந்தத் தொடரை எடுத்தாலும் இரண்டாம் பாகம் மட்டும் அலமாரியில் இருக்கவே இருக்காது. முதல் பாகத்தைத் திருப்பித் தர வருகிற பிள்ளை "ரெண்டு யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டு, என் நோட்டில் பெயரைப் பார்த்துக்கொண்டு, நேரே அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும். செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் சைக்கிளில் துரத்திக்கொண்டு போனவர்கள் உண்டு. தட்டுவடை செட்டு எண்ணெய் படிந்த பக்கங்களோடு புத்தகம் திரும்பி வரும், திட்டுவேன், மறுநாளே அடுத்த பாகத்துக்கு வந்து நிற்பார்கள். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்தில் மட்டும்தான் எல்லாப் பாகமும் சேர்ந்தாற்போல் வீடு திரும்பும். கேட்டவுடன் கிடைத்திருந்தால் அந்த அவசரம் யாருக்கும் வந்திருக்காது.

ஹாரி பாட்டர் விஷயத்தில் பெட்டி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஏழு புத்தகங்களும் 1997 முதல் 2007 வரை பத்து வருடம் இழுத்து இழுத்து வந்தவை. கதை தொடங்கும்போது ஹாரிக்கு 11 வயது, முடியும்போது 17. பிரிட்டிஷ் பதிப்பில் முதல் புத்தகம் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். பக்கம் கூடக் கூட இருட்டும் கூடும். நான்காவதின் கடைசியில் ஒரு மாணவனைக் கொன்றுவிடுகிறார்கள். அன்றைக்குப் படித்த பிள்ளைகள் அடுத்ததற்காகக் காத்திருந்த காலத்தில் தாங்களும் வளர்ந்துவிட்டார்கள். இன்றைக்குப் பெட்டி வாங்குகிறவன் அத்தனையையும் ஒரே கோடை விடுமுறையில் விழுங்கப் பார்ப்பான். ஆறாம் வகுப்புக்கு முதல் மூன்றும் தாராளம். நான்காவது அடுத்த வருடம் வரட்டுமே.

முதல் புத்தகத்திலேயே ஐம்பது பக்கத்தில் கீழே வைத்துவிட்டானா? வற்புறுத்தாதீர்கள், வேறு கொடுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் உட்கார முடியாத பையன் என்றால் ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் நன்றாக ஒட்டும். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். வாசிக்கவும் கவனம் நிற்கவும் சிரமப்பட்ட தன் மகனுக்குச் சொன்ன கதைதான் புத்தகமாயிற்று. அதனால் கதாநாயகனுக்கும் அதே இரண்டு சிரமம், எழுத்துகள் கண்முன் நீந்தும். பன்னிரண்டு வயதுப் பையன் தானே பேசுகிற மாதிரி எழுதியிருப்பதால் வாய்த்துடுக்குக்குக் குறைவில்லை. முதல் சுற்று 2005 முதல் 2009 வரை ஐந்து புத்தகம். அதற்குப் பிறகும் சுற்றுகள் உண்டு, அதை இப்போதே சொல்லிவிடாதீர்கள்.

இங்கிலீஷ் இன்னும் தடுமாறுகிறது என்றால் கிரெசிடா கோவெலின் 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்'. பன்னிரண்டு புத்தகம். படமும் கிறுக்கலும் எழுதியவர் கையாலேயே போட்டது. சினிமாவில் பார்த்த பெரிய கறுப்பு டிராகனைத் தேடினால் ஏமாந்து போவான். புத்தகத்தில் அது பொடிசு, சொன்ன பேச்சைக் கேட்காத தின்னிப்பண்டாரம். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

எட்டாம் வகுப்பு மாணவி, ஏற்காடு: பெர்சி ஜாக்சன் ஐந்தையும் முடித்துவிட்டேன் அக்கா. கிரேக்கச் சாமிகளுக்கு இப்படி எழுதியிருக்கிறார்களே, நம் சாமிகளுக்கு யாரும் எழுதவில்லையா?

எழுதியிருக்கிறார்கள் கண்ணு. ரோஷனி சோக்ஷி எழுதிய ஆரு ஷா தொடர், 2018 முதல் 2022 வரை ஐந்து புத்தகம். ரியோர்டன் பெயரைத் தாங்கிய பதிப்பு வரிசையிலேயே வந்தது. அட்லாண்டாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வளரும் பெண், தொடக்கூடாத விளக்கை வீம்புக்கு ஏற்றிவிடுகிறாள், உறங்கிக்கிடந்த ஆபத்து எழுந்துவிடுகிறது. பாண்டவர்கள் பெண் பிள்ளைகளாக மறுபிறவி எடுத்திருக்கிறார்கள். பாட்டியிடம் மகாபாரதம் கேட்டு வளர்ந்தவளுக்குச் சில இடங்களில் சிரிப்பு வரும், சில இடங்களில் "இது எங்க கதையில இல்லையே" என்று கோபம் வரும். சண்டை போட்டுக்கொண்டே படி, அதுவும் ருசிதான்.

வீட்டில் தங்கச்சியோ தம்பியோ இருந்தால் சுனிதி நாம்ஜோஷியின் அதிதி கதைகள். முதல் புத்தகம் 1986இல் வந்தது. ஒற்றைக் கண் குரங்கு, யானை, எறும்பு இவற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதிதி சாகசத்துக்குக் கிளம்புகிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு அளவான கனம்.

உனக்கு என்று நான் எடுத்து வைப்பது அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசை. முதல் புத்தகம் 1968இல் வந்தது. மந்திரவாதிகளுக்குப் பள்ளிக்கூடம் என்ற சங்கதி ஹாரி பாட்டருக்கு வெகு முன்னாலேயே அதில் இருக்கிறது. நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதன்மேல் மந்திரம் செல்லும். கதை அவசரப்படாது, முதல் முப்பது பக்கம் பொறுத்துக்கொள். இரண்டாம் புத்தகத்தில், பூமிக்கடியில் வெளிச்சமே கூடாத சுரங்க வழிகளில், கையால் சுவரைத் தடவியே பாதை கற்றுக்கொள்ளும் ஒரு சின்னப் பெண் பூசாரி வருகிறாள். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழைந்தவளுக்கு அந்த ஈரமும் இருட்டும் சட்டென்று புரியும்.

தமிழில் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' படித்துவிட்டாயா? கீழடியை வைத்து எழுதியது, 2023க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தொடர் இல்லை, ஒற்றைப் புத்தகம்தான், இருந்தாலும் விட்டுவிடாதே.

அப்புறம், உன்னைச் சுற்றியே கதை கிடக்கிறது. அந்தக் கோயில் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். கீழே கஞ்சமலையில், சமைக்க நின்ற முதிய சித்தர் கைக்குக் கிடைத்த குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கறுத்துப்போக, பயந்துபோய் அதைத் தானே தின்றுவிட, கிழவர் வாலிபர் ஆகிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் குச்சி எந்தச் செடியில் ஒடித்தது? தேடிக் கிளம்புகிறவர்களை வைத்து யாராவது ஐந்து பாகம் எழுத உட்கார்ந்தால் முதல் வாசகி நான்தான்.

ஒரு தாத்தா, ஆத்தூர்: பேத்தி பெங்களூரில் நான்காம் வகுப்பு. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கோடை விடுமுறைக்கு வருகிறாள். பொன்னியின் செல்வன் ஆரம்பித்து வைக்கலாமா?

தாராளமாக ஐயா. ஆனால் அவள் கையில் கொடுக்க வேண்டாம், நீங்கள் வாசியுங்கள். ஐந்து பாகத்தையும் பார்த்தாலே குழந்தை மிரண்டுவிடும், மற்ற நான்கையும் பீரோவில் வையுங்கள்.

1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த கதை அது. வாசகரை ஏழு நாள் காக்க வைக்கிற மாதிரி கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தின் வாலையும் முறுக்கி வைத்திருக்கிறார். நீங்களும் ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிற முதல் அத்தியாயத்தில் வர்ணனை கொஞ்சம் நீளம். ஒன்பது வயதுக்கு அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு நேரே ஆழ்வார்க்கடியானின் சண்டைக்குப் போய்விடலாம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதியை வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறானே, அங்கே ஒருநாள் முழுக்க நிறுத்துங்கள். "தொண்டை கட்டிக்கொண்டது" என்று சொன்னால் போதும். பேத்தி தானே எழுத்துக்கூட்டி அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறாளா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

சுருக்கப் பதிப்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை. அவற்றில் முதலில் வெட்டுப்படுவது அந்த வால்தான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. அட்டையைப் பார்த்து மயங்காமல் உள்ளே எழுத்தின் அளவைப் பாருங்கள், உங்கள் கண்ணுக்கும் நல்லது. ஐந்து பாகம் மலைப்பாக இருந்தால் பார்த்திபன் கனவு சிறியது, படகோட்டி பொன்னனையும் வள்ளியையும் குழந்தைகளுக்கு உடனே பிடித்துவிடும். சாண்டில்யனைப் பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது ஐயா.

கல்லூரி மாணவர், சூரமங்கலம்: நார்னியா தொகுப்பில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' என்பதற்கு ஒன்று என்று எண் போட்டிருக்கிறது. அதிலிருந்தா தொடங்க வேண்டும்?

வேண்டாம் தம்பி. 1950இல் முதலில் வந்த, அலமாரிக்குள் நுழைந்தால் பனிக்காடு வருகிற 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் சொல்வது 1955இல் ஆறாவதாக வந்தது, அந்த உலகம் எப்படிப் பிறந்தது என்று சொல்வது. கதை நடந்த கால வரிசைப்படி எண் மாற்றிப் போட்டதால் வந்த குழப்பம். ஆசிரியர் லூயிஸே ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கால வரிசைக்குத்தான் சாய்ந்தார், ஆனாலும் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு வித்தியாசம் இருக்கிறது. காட்டுக்கு நடுவில் ஏன் ஒரு விளக்குக்கம்பம் நிற்கிறது என்று கொஞ்ச நாள் மண்டையைக் குடைந்தால்தான் பிறகு காரணம் தெரியும்போது சுகம்.

நம்மிடமும் இது உண்டு. சிவகாமியின் சபதத்துக்குப் பிந்தைய காலத்தில் நடப்பது பார்த்திபன் கனவு, ஆனால் கல்கி முதலில் எழுதியது அதைத்தான். எழுதிய வரிசையில் படித்தால் சிவனடியார் யார் என்ற முடிச்சு முடிச்சாகவே இருக்கும்.

ஓர் ஆசிரியை, சேர்வராயன் மலைக் கிராமம்: என் வகுப்பில் எல்லாம் மலைவாழ் பிள்ளைகள். இங்கிலீஷ் தொடர்கள் எங்களுக்கு எட்டாது, வாங்கவும் வசதியில்லை. என்ன செய்யலாம்?

டீச்சர், அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகக் கொடுத்த சின்னப் புத்தகங்களும், ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் உங்கள் பள்ளிக்கு வந்திருக்கும். பீரோவில் பூட்டியிருந்தால் முதலில் வெளியே எடுத்துக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும்.

தொடர் வேண்டுமென்றால் விக்கிரமாதித்தனும் வேதாளமும் இருக்க வேறென்ன வேண்டும்? மூலத்தில் 25 கதை. ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும், பதில் தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். அம்புலிமாமா அந்தச் சட்டத்துக்குள்ளேயே புதுப்புதுக் கதைகளைப் பல வருடம் போட்டுக்கொண்டிருந்தது. பிணத்தைத் தோளில் போட்டு ராஜா நடக்கும் சங்கரின் படத்தைப் பார்த்த தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பீரியடில் கதை சொல்லி, வேதாளம் கேள்வி கேட்டதும் மணி அடிக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ராஜாவின் பதிலை மறுநாள் காலைதான் சொல்ல வேண்டும், அதற்குமுன் பிள்ளைகள் தங்கள் தீர்ப்பைச் சொல்லட்டும். ராஜா சொன்னது தப்பு என்று யாராவது எழுந்து நின்றால் அவர்களையே அடுத்த கதையை வாசிக்கச் சொல்லுங்கள். சில கதைகளில் பெண்களைப் பற்றிய பேச்சு அந்தக் காலத்துப் பேச்சு, அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிவிடலாம்.

பெரிய பிள்ளைகளுக்கு சத்யஜித் ராயின் ஃபெலுடா துப்பறியும் கதைகள் தமிழில் கிடைக்கின்றன. மாயமந்திரம் இல்லை, ஆனால் ரயிலும் மலையும் கோட்டையும் உண்டு.

ஒரு தகப்பனார், குகை, சேலம்: என் மகன் காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறான். எப்போது நிஜமான புத்தகத்துக்கு வருவான்?

அவன் படிப்பதும் நிஜமான புத்தகம்தான் சார். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, லயன் 1984இல் வந்தது. இத்தாலிக்காரர்களின் டெக்ஸ் வில்லர் நம்மூரில் இரவுக் கழுகார் ஆகி இத்தனை வருடமாகக் குதிரையைவிட்டு இறங்கவே இல்லை. அந்த வசனங்களில் தமிழ் படித்துத்தான் பாதிப் பேர் என் நூலகத்தில் கல்கி அலமாரிப் பக்கம் நகர்ந்தார்கள். மீதிப் பேர் நகரவில்லை, காமிக்ஸ் அலமாரிக்கு முன்னாலேயே நின்றுவிட்டார்கள், அவர்களும் ஒழுங்காகத்தான் பிழைக்கிறார்கள். டின்டினைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு ஆல்பமாக நீளும் கதைகளில் முதலாவதை மட்டும். அப்புறம் ஒரு விஷயம், பழைய இதழ்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றைச் சேகரிப்பவர்கள் அட்டை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள்.