ரவென்னாவுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: அடுத்த மாதம் இத்தாலி போகிறோம். போலோஞாவில் மூன்று நாள் தங்குவோம். அதில் ஒரு நாள் ரவென்னா போய் மொசைக் ஓவியங்களைப் பார்க்க ஆசை. டிக்கெட்டுக்கு ஒவ்வொரு இணையதளமும் ஒவ்வொரு விலை சொல்கிறது. கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. நினைவாக ஒரு மொசைக் வேலைப்பாடும் வாங்க வேண்டும். எதற்குச் செலவழிக்கலாம், எதை விடலாம்?

பதில்: ஒரு நாள் போதும், ரோமப் பேரரசி காலா பிளாசிடியாவின் பெயரில் உள்ள கல்லறை மண்டபத்துக்கு முதலில் நேரம் பிடித்துவிட்டால். மிகச் சிறிய கட்டடம் என்பதால் ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம்தான். முன்பதிவில் நேரம் குறித்துத்தான் விடுகிறார்கள். அந்த நேரத்தை வைத்து மற்றதைத் திட்டமிடுங்கள்.

சான் விதாலே தேவாலயம், காலா பிளாசிடியா, சான்ட் அப்பொலினாரே நுவோவோ தேவாலயம், நியோனின் ஞானஸ்நான மண்டபம், பேராயர் அருங்காட்சியகம் ஆகிய ஐந்துக்கும் ரவென்னா மறைமாவட்டம் கூட்டு டிக்கெட் தருகிறது. தனித்தனியாக வாங்க முடியாது. மறைமாவட்டத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்கிவிடுங்கள். இடைத்தரகர் தளங்களில் அதிகம் கேட்பது வழிகாட்டியோடு சேர்த்தா, வெறும் சேவைக் கட்டணமா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

போலோஞாவிலிருந்து பிராந்திய ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இதற்கு முன்பதிவுத் தள்ளுபடி கிடையாது, அன்றைக்கே வாங்கலாம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், மறந்தால் அபராதம். ஊர் சமதளம், அம்மாவால் மெதுவாக நடந்துவிட முடியும்.

காலா பிளாசிடியாவில் கேமராவை எடுக்காதீர்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல், தேன் நிறத்தில்தான் வெளிச்சம் வரும். கண் பழகவே ஒரு நிமிடம் ஆகும். அப்புறம்தான் கருநீலக் கூரையில் பொன் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். மொசைக் என்றால் நம் வீட்டுத் தரைதான் நினைவுக்கு வரும். இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அதே வளாகத்தில் சான் விதாலே, 547இல் அர்ப்பணிக்கப்பட்டது. ரவென்னாவுக்கு வந்தே இராத பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் சுவரில் எதிரெதிரே பரிவாரத்தோடு நிற்கிறார்கள். நுவோவோ தேவாலயத்தில், ஜஸ்டினியனுக்கு முன் ரவென்னாவை ஆண்ட கோத் இன மன்னர் தியோடெரிக்கின் அரண்மனைப் படத்தைத் தேடுங்கள். ஆட்சி மாறியதும் அதிலிருந்த உருவங்களை எடுத்துவிட்டுத் திரைச்சீலைகளை நிரப்பினார்கள். ஆனால் தூண்களின் மேல் கிடந்த கைகள் சில அப்படியே தங்கிவிட்டன. எனக்கு ரவென்னா என்றாலே அந்தக் கைகள்தான்.

தியோடெரிக்கின் கல்லறையில் மொசைக் இல்லை, விட்டுவிடலாம். மிச்ச நேரத்தை ஊருக்கு வெளியே கிளாசேயில் உள்ள சான்ட் அப்பொலினாரேவுக்குக் கொடுங்கள். தனி டிக்கெட், 4ஆம் எண் பஸ் போகும். பச்சைப் புல்வெளியில் ஆடுகள் நிற்கும் அந்தப் பீடச் சுவருக்காகவே போகலாம்.

வாங்குவது பற்றி. நினைவுப் பொருள் கடைகளில் கிடைப்பவற்றில் அச்சில் வார்த்ததும் உண்டு. தடவிப் பாருங்கள். கையால் செய்ததில் கண்ணாடிச் சில்லுகள் ஒன்றுபோல் இருக்காது, ஒவ்வொன்றும் சற்றே சாய்ந்திருக்கும், திருப்பினால் ஒளி மாறும். நல்ல தங்கச் சில்லில் தங்கத் தகடு இரண்டு கண்ணாடிக்கு நடுவே இருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. பட்டறையிலேயே வாங்கினால் என்ன சில்லு, பின்பலகை என்ன, எவ்வளவு எடை என்று கேட்கலாம். விமானத்தில் கொண்டுவர வேண்டுமே! பெரிய சுவர்ப் படத்தைவிட உள்ளங்கை அளவில் நல்லதாக ஒன்று போதும்.

நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் இல்லையென்றால், ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டி வரி திரும்பப் பெறும் படிவத்தைக் கேளுங்கள். எல்லாக் கடையும் தருவதில்லை, பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்கத்தாரிடம் பொருளைக் காட்ட வேண்டியிருக்கும், அதனால் பெட்டியை ஒப்படைக்கும் முன் அந்த வேலையை முடியுங்கள்.